பட்டறையில் ஓடும் பாட்டு யாருக்கெல்லாம் தெரியும்?

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். பட்டறையில் காலை முதல் இரவு வரை பாட்டு ஓடும். எஃப்.எம். வைத்தால் கேட்ட பாட்டே திரும்ப வருகிறது என்று, பத்தாவது படிக்கும் மகளின் கணக்கில் ஒரு பாட்டு ஆப்பைத் திறந்து புளூடூத் ஸ்பீக்கரில் ஓட விடுகிறார்கள். ஆப் இப்போது மனதில் நினைத்ததைப் படித்தது போலப் பாட்டு போடுகிறது. போன் மைக்கில் நம் பேச்சைக் கேட்கிறதா, கேட்கும் பாட்டை வைத்து நம்மைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்வார்கள், ரேடியோ நிலையத்துக்கும் இதெல்லாம் தெரியுமா, புதுப் பாட்டும் வேண்டும், நம் விஷயம் வெளியே போகவும் கூடாது, வழி உண்டா என்று கேட்கிறார். நான்கைந்து கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். புதுப் பாட்டு நம்மிடம் வந்து சேர, நம்மைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? தேவையில்லை என்பது என் பதில். இந்தப் பக்கத்து வானொலியில் பாட்டுத் தேர்வு செய்யும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். சட்ட விஷயத்தில் மட்டும் நான் படித்துத் தெரிந்துகொண்டவன்தான், வக்கீல் இல்லை.

ரேடியோவிலிருந்து தொடங்குகிறேன். எஃப்.எம். அலை ஒருவழிப் பாதை. நிலையம் அனுப்பும், உங்கள் பெட்டி வாங்கும், திரும்ப எதுவும் போகாது. நீங்கள் கேட்கிறீர்களா, அணைத்துவிட்டீர்களா, நான் போட்ட பாட்டுக்கு முகம் சுளித்தீர்களா, எதுவும் எனக்குத் தெரியாது. ரேடியோ பெட்டிக்கே தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று இருந்தது. அன்றைக்கு யார் வீட்டில் பெட்டி இருக்கிறது என்பது அரசாங்கத்துக்குத் தெரியும், அதில் எதைக் கேட்கிறார்கள் என்பது தெரியாது. இதில் ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நிலையத்தின் பெயரில் இருக்கும் ஆப்பில் கேட்பது எஃப்.எம். கேட்பதாகாது. அது இணையம் வழியாக வருவது. இணைய வானொலியின் சர்வரில் எந்த ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) எத்தனை மணிக்குச் சேர்ந்தது, எவ்வளவு நேரம் கேட்டது, எந்த வகைக் கருவி என்பதெல்லாம் தானாகவே பதிவாகும். அதே நிகழ்ச்சி, அதே குரல்தான். ஆனால் ஒன்றில் தடம் விழாது, மற்றொன்றில் விழும். போனிலேயே எஃப்.எம். சிப் இருந்தால், இயர்போன் ஒயரை ஆன்டெனாவாக்கி இணையம் இல்லாமலே கேட்கலாம். அந்த வசதியை முடக்கி விற்க வேண்டாம் என்று மத்திய அரசே 2023 ஏப்ரலில் போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது.

மலைப்பக்கத்து நேயர்களின் நிலைமை வேறு. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும், குறுக்கே மலை நின்றால் அதன் பின்னால் நிழல் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்பப் பாட்டு வந்து வந்து மறைவதை ஏற்காடு போகிற எல்லோரும் கேட்டிருப்பார்கள். கோடைப் பண்பலை 100.5 கொடைக்கானலிலிருந்து அத்தனை மாவட்டங்களுக்குப் போகக் காரணமும் இதே விதிதான், அங்கே கோபுரமே மலையில் நிற்கிறது. நிழலில் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் ஆப்புக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது.

ஒரே பாட்டு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. வணிக நிலையங்களில் ஒரு மணி நேரத்தை வட்டமாக வரைந்து வைத்திருப்போம், அதற்குக் கிளாக் என்று பெயர். இந்த இடத்தில் புதுப் படப் பாட்டு, இங்கே விளம்பரம், இங்கே இடைக்காலப் பாட்டு, இங்கே ஆர்.ஜே. பேச்சு என்று அதில் குறித்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் பாட்டு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்று வரும். காரில் போகிறவர் இருபது நிமிடம்தான் கேட்கிறார், அவருக்கு இது திரும்பல் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கும் கொலுசுப் பட்டறைக்கும், குகை, அம்மாப்பேட்டைத் தறிக்கூடங்களுக்கும் அது தண்டனை. சேலத்தில் ரேடியோவை மிக அதிக நேரம் கேட்பவர்கள் இவர்கள்தான் என்பது என் கணிப்பு. அவர்களை நினைத்து வரைந்த கிளாக் அபூர்வம். தெரியாத பாட்டு வந்தால் நேயர் நிலையத்தை மாற்றிவிடுவார் என்ற பயம் விளம்பரப் பிரிவுக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தைச் சரிபார்க்க இங்கே கணக்கெடுப்பும் இல்லை. நேயர்களிடம் டைரி கொடுத்துக் கேட்டதை எழுதச் சொல்லி நடத்திய வானொலிக் கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களில்தான் நடந்தது.

ஆனால் யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பதில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. என் தொழிலில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறவருக்கு ஐம்பது வயது, சங்கிலி பின்னுகிற பெண்ணுக்கு இருபது, மெருகு போடுகிறவர் வேறு மாநிலத்துக்காரர். எல்லோருக்கும் ஒரே ஸ்பீக்கர். எனக்கு இவர்களில் யாரையும் தெரியாததால், எல்லோரையும் கற்பனை செய்துதான் பாட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அந்த இருபது வயதுப் பெண் ஒரு தெருக்கூத்துப் பாட்டைத் தற்செயலாகக் கேட்கிறாள், ஐம்பது வயதுக்காரர் ஒரு ராப் பாட்டுக்குத் தலையாட்டுகிறார். ஆப் செய்வது இதற்கு நேர்மாறு. உங்களைப் போன்ற தடம் உள்ள மற்றவர்கள் எதைக் கேட்டார்கள் என்று பார்த்து அதை உங்களுக்குத் தரும். ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப் 2015இல் தொடங்கிய வாராந்திரப் பரிந்துரைப் பட்டியலுக்கு அடிப்படை இந்த ஒப்பீடுதான். அது நன்றாகவே வேலை செய்கிறது, நானும் அதன் வழியாக நல்ல பாட்டுகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே நடந்த திசையில்தான் அது கூட்டிப்போகும்.

அப்புறம் மைக் விஷயம். இதில் உறுதியானதையும் சந்தேகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அனுமதியில்லாமல் மைக்கை இயக்கிப் பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றும் அகப்படவில்லை. திரையில் நடப்பதைப் படமெடுத்து மூன்றாம் நபருக்கு அனுப்பிய சில ஆப்கள் அகப்பட்டன. சோதனையை நடத்தியது தானியங்கி நிரல் என்பதால், ஒரு மனிதர் பயன்படுத்தும்போது நடக்கக்கூடிய எல்லாமே அதில் சோதிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது. மைக்கைத் தவறாகப் பயன்படுத்தும் நுட்பமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தொலைக்காட்சி விளம்பரத்தில் காதுக்குக் கேட்காத ஒலியைப் புதைத்து, அதைப் போன் கேட்டு அடையாளம் காணும் நுட்பத்தை இந்தியாவில் தொடங்கிய சில்வர்புஷ் நிறுவனம் உருவாக்கியிருந்தது. அந்த நிரலைத் தங்கள் ஆப்பில் சேர்த்திருந்த 12 பேருக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016 மார்ச்சில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. குரலிலிருந்து மனநிலை, வயது, பேச்சு வழக்கு ஆகியவற்றை ஊகித்துப் பாட்டு பரிந்துரைக்கும் முறைக்கு ஸ்பாட்டிஃபைக்கு 2021 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. எதிர்ப்பு வந்ததும், அதை எந்தச் சேவையிலும் பயன்படுத்தவில்லை, அப்படி ஒரு திட்டமும் இல்லை என்று நிறுவனம் சொன்னது. ஆக, எண்ணமும் நுட்பமும் உண்டு, பாட்டு ஆப்கள் அப்படிச் செய்கின்றன என்பதற்குச் சான்று இல்லை. பாட்டு ஆப்புக்கு மைக் அனுமதியைப் போன் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். பாட்டு ஓடுவதற்கு அது தேவையே இல்லை.

மனதைப் படித்தது போலத் தோன்றுவதற்கு மைக் வேண்டியதில்லை என்பதுதான் முக்கியமான செய்தி. நீங்கள் அழுத்தும் பொத்தான்களே போதும். ஸ்பாட்டிஃபையில் உங்கள் தரவைக் கேட்டு வாங்கும் வசதி இருக்கிறது. முழுக் கேட்பு வரலாற்றைக் கேட்டால் சில வாரங்களில் ஒரு கோப்பு வரும், கட்டாயம் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி இருக்கும். எந்தத் தேதி எத்தனை மணிக்கு முடிந்தது, எத்தனை மில்லி வினாடி ஓடியது, எந்தக் கருவி, எந்த நாடு, எந்த ஐ.பி. முகவரி, ஏன் தொடங்கியது, ஏன் நின்றது, பாதியில் தள்ளிவிட்டீர்களா என்பதெல்லாம் அதில் உண்டு. பிரைவேட் செஷன் என்ற வசதியை நம்பி நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்கிறேன். அந்த வரியிலேயே இது பிரைவேட் செஷனில் கேட்கப்பட்டதா என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. நண்பர்கள் கண்ணுக்கு அது மறைக்கிறது, ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டில் அந்த வரியும் இருக்கும்.

இதை வைத்து என்ன தெரியும் என்றால், கொஞ்சம் யோசியுங்கள். வெள்ளிக்கிழமை காலை அம்மன் பாட்டு, நோன்பு மாதத்தில் நாகூர் ஹனிபா, டிசம்பரில் கிறிஸ்துமஸ் கீதம், இவற்றில் எது ஓடுகிறது என்பதே வீட்டின் மதத்தைச் சொல்லிவிடும். இரவு பதினொன்றுக்குத் தாலாட்டு ஓடினால் கைக்குழந்தை இருக்கிறது. பாட்டு தொடங்கும் நேரமும் நிற்கும் நேரமும் பட்டறை திறந்து பூட்டும் நேரம். ஒரு வாரம் ஓடாவிட்டால் பட்டறை மூடியிருக்கிறது, அல்லது ஆர்டர் இல்லை. பெயரை எடுத்துவிட்டுத் தரவைப் பகிர்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும் சமாதானமும் அவ்வளவு பலமானதில்லை. 2006இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டிக்காகச் சுமார் 4.8 லட்சம் சந்தாதாரர்கள் படங்களுக்குத் தந்த 10 கோடி மதிப்பீடுகளைப் பெயரில்லாமல் வெளியிட்டது. கணினி ஆய்வாளர்கள் அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் அதை ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் தந்த எட்டு மதிப்பீடுகள் தெரிந்தால், அதில் இரண்டு முழுத் தவறாக இருந்தாலும், தேதி 14 நாள் வரை பிசகினாலும், பட்டியலில் இருக்கும் 99 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். அது படத்துக்கு நடந்த ஆய்வு. பாட்டு விஷயத்தில் ஒரு நாளிலேயே எட்டுக்கு மேல் தடம் விழுகிறதே, அதனால் கவலை கூடுமே தவிரக் குறையாது என்பது என் எண்ணம்.

இங்கே ரேடியோவையும் விட்டுவைக்கக் கூடாது. அலை ஒருவழிதான், ஆனால் போன் அழைப்பும் வாட்ஸ்அப்பும் வந்தபிறகு நிலையங்களிலும் நேயர்களின் எண்கள் குவிகின்றன. இலங்கை வானொலிக் காலத்தில் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டவர்கள் தங்கள் பெயரும் ஊரும் காற்றில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் எழுதினார்கள். அதில் தவறில்லை, எதைச் சொல்வது என்று அவர்களே தீர்மானித்தார்கள். இன்று ஒரு பெண் நேரலையில் பெயர், தெரு, படிக்கும் கல்லூரி எல்லாவற்றையும் உற்சாகத்தில் சொல்லிவிடுகிறார், அது யார் யார் காதில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரும் ஊரும் போதும், அதற்குமேல் கேட்காதீர்கள், அவராகச் சொன்னாலும் பேச்சைத் திருப்புங்கள் என்று புதிதாக வரும் ஆர்.ஜே.க்களுக்கு நான் சொல்வது வழக்கம். பரிசுப் போட்டிக்கு வாங்கிய எண்ணைப் பரிசு கொடுத்தபின் அழிக்க வேண்டும், விளம்பரதாரருக்குக் கொடுக்கக் கூடாது. எல்லா நிலையங்களும் இப்படி நடப்பதாக நான் உத்தரவாதம் தர மாட்டேன். எண்ணை என்ன செய்வீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள்.

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், திருத்தவும், அழிக்கச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. மீறினால் அபராதம் அதிகபட்சம் 250 கோடி ரூபாய் வரை. ஐரோப்பாவில் இத்தகைய உரிமை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பயனர் தன் தரவைக் கேட்டால் தெளிவாக விளக்கித் தரவில்லை என்று சுவீடன் அரசின் தரவு ஆணையம் 2023 ஜூனில் ஸ்பாட்டிஃபைக்கு 5.8 கோடி குரோனா அபராதம் விதித்தது. இங்கே அப்படி நடக்குமா என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும்.

சரி, புதுப் பாட்டுக்கு வருவோம். முழுக்க மறைந்துகொண்டு கேட்டால் கலைஞருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உறுத்தும். ஆப்பில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளைத் தொடாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. ஓமலூரில் ஒரு பையன் வீட்டு மாடியில் பாடிப் பதிவு செய்த பாட்டுக்கு உங்கள் பட்டறை தரும் பத்துக் கேட்புகள் பெரிய விஷயம். அதனால் எண்ணிக்கை வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அந்த எண்ணிக்கைக்கு உங்கள் வீட்டுக் குழந்தை தூங்கும் நேரம் எதற்கு? நிலையத்தில் நாங்கள் ஒலிபரப்பிய ஒவ்வொரு பாட்டையும் லாக் எழுதி வைக்கிறோம், ராயல்டி அதை வைத்துத்தான் பேசப்படுகிறது. அதில் நேயர் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற கணக்கும், அதைக் கேட்டவர் யார் என்ற கோப்பும் தனித்தனி. இரண்டையும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்பது வியாபார ஏற்பாடு, தொழில்நுட்பத்தின் கட்டாயம் இல்லை.

பரிந்துரையாக வருவதெல்லாம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் மட்டும் வருகிறது என்றும் நினைக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் டிஸ்கவரி மோட் என்று ஒரு ஏற்பாடு 2020இல் அறிவிக்கப்பட்டது. அதில் சேரும் பாட்டுக்குப் பரிந்துரையில் கூடுதல் வாய்ப்பு, பதிலுக்கு அந்த வழியில் வரும் ராயல்டியில் குறைத்துக்கொள்வார்கள். ரேடியோவில் காசு கொடுத்துப் பாட்டு போடுவதை இழுக்காக நினைத்த தலைமுறையில் வளர்ந்தவன் நான், எனக்கு இது ஒப்பவில்லை.

பட்டறைக்கு நான் சொல்வது இதுதான். பகலில் பாதி நேரம் சாதாரண எஃப்.எம். பெட்டி ஓடட்டும். வணிக நிலையம் அலுத்தால், உங்கள் இடத்துக்கு எட்டும் சமுதாய வானொலியையும் அகில இந்திய வானொலியையும் தேடிப் பிடியுங்கள். கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி 2002இல் வந்தது, 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிந்தது. அலைவீச்சுத் திறன் 100 வாட்தான், அதனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டுவது கடினம். ஆனால் நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த ஊர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பது விதி. நம் பக்கத்துக் கூத்துக் கலைஞர்கள், பெரியமேளக்காரர்கள், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பாடும் பாட்டுகள் எல்லாம் ஒலிபரப்பில் வர வாய்ப்பு இருக்கும் இடம் அதுதான். எந்த ஆப்பும் இவற்றை உங்களுக்குத் தானாகத் தராது, ஏனென்றால் இவற்றைக் கேட்டவர்களின் தடமே அங்கே இல்லை. பிடித்த தனிப் பாடகர்களிடம் பாட்டைக் காசு கொடுத்து நேராக வாங்கிப் பென் டிரைவில் ஏற்றி ஓட்டுங்கள். வாங்கும்போது ஒருமுறை தடம் விழும், அப்புறம் ஆயிரம் முறை கேட்டாலும் யாருக்கும் தெரியாது, பணமும் பாடியவருக்குப் போகும். கடையில் மொத்தமாக ஏற்றித் தரும் பென் டிரைவில் பாடியவருக்கு ஒன்றும் போகாது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆப்பையும் விட வேண்டியதில்லை. ஆனால் அதற்குமுன் மகளின் கணக்கிலிருந்து பட்டறையைப் பிரித்துவிடுங்கள், இதை இன்றைக்கே செய்யலாம். இப்போது பட்டறையின் பன்னிரண்டு மணி நேரமும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் பெயரில் பதிவாகிறது. அவளுக்குப் பிடித்த பாட்டு எது, பட்டறையில் ஓடியது எது என்று ஆப்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அவள் பரிந்துரைகளும் கெட்டுப்போகும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு அவளுக்குக் கிடைக்க, கணக்கில் அவளுடைய உண்மையான வயது இருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு வேறு மின்னஞ்சலில், பேஸ்புக் இணைப்பு இல்லாமல், போன் தொடர்புகளுக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி தராமல் ஒரு கணக்குத் தொடங்குங்கள். நீங்களே தொகுத்த பட்டறைப் பட்டியலை ரசனைக் கணக்கில் சேர்க்காமல் விலக்கி வைக்கவும் ஸ்பாட்டிஃபையில் வழி இருக்கிறது. யூடியூபில் கேட்பதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு முந்தைய வரலாறு தானாக அழியும்படி வையுங்கள். முழுக்க அணைத்தால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரை எதுவும் வராது, அதனால் நஷ்டமில்லை, தேடிக் கேட்கலாம். மகளின் பழைய கணக்கிலிருந்து நான் சொன்ன அந்தக் கோப்பை வாங்கி, அவளும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். எதை அழிக்கச் சொல்ல வேண்டும் என்று அவளே காட்டுவாள்.